சேர்ந்து இருப்பதற்கு ஒரு சாட்சி

சட்டப்படி கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. மகளோ இன்னும் அம்மா வீட்டில்தான் படுத்தாள். காதலித்தவனைத்தான் கட்டினாள், அதில் குறையில்லை. வெல்டர் மாப்பிள்ளையின் விசா முடியப்போகிறதே என்று அவசரமாகப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். அம்மாக்காரிக்கு அது வெறும் காகிதம். சொந்தபந்தம் கூடி நடந்தால்தான் கல்யாணம். அதுவரைக்கும் ஒரே வீடு கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மலைமலையாகப் படுக்கைவிரிப்பு தேய்க்கிறவள். மேலதிகாரிக்கே பயப்படமாட்டாள். ஆனால் நாத்தனார் என்றால் நடுக்கம். அந்த அம்மாளுக்கு வாய் அப்படி! இங்கே ஒருத்தர் காலையில் தும்மினால், மத்தியானத்துக்குள் மூன்று நாட்டுச் சொந்தக்காரர்கள் போன் போட்டு ஜலதோஷம் விசாரிப்பார்கள். போதாக்குறைக்கு, மாப்பிள்ளை எடுத்த வாடகை வீட்டுக்கு நேர் எதிர் ஜன்னல் அவளுடையது.

ஒருநாள் காலை அம்மாக்காரி அந்த வீட்டில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தபோது விசா அதிகாரி ஒருவர் வந்து கதவைத் தட்டினார். பெண்ணின் தாய் என்று தெரிந்ததும், "உங்கள் மகள் இங்கேதான் வசிக்கிறாளா?" என்று கேட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து என்ன கேள்வி!

"சீச்சீ! எங்க பொண்ணை அப்படி வளர்க்கல சார். ஒரு ராத்திரிகூட இங்க தங்கினதில்ல. வேணும்னா யாரை வேணா கேட்டுப் பாருங்க!"

அதிகாரி யாரையும் கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. தம்பதி சேர்ந்து வாழவில்லை. ஒரு மாதத்துக்குள் தக்க சாட்சியோடு விசாரணைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் கணவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

"நம்ம மானத்தை நீ காப்பாத்திட்டேம்மா," என்றாள் மகள். "இப்ப என் புருஷனை நீயே பிளேன் ஏத்தி விட்டுடு."

பாவி, என் வாயாலேயே கெடுத்தேனே என்று அம்மாக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அழுதது கொஞ்ச நேரம்தான். பிறகு பரணிலிருந்த பெட்டியை இறக்கி, மகளின் துணிமணிகளைத் தானே மடித்து அடுக்கினாள்.

"நாள் பார்க்கலையாம்மா?"

"நாளாவது கிழமையாவது! கிளம்புடி உன் வீட்டுக்கு."

அடுத்தது சாட்சி. அந்த வீட்டை வைத்த கண் வாங்காமல் பார்க்கிற ஆள் ஒருத்திதானே உண்டு? மூன்று வாரம் கழித்து நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து இருக்காங்கன்னு நீங்க எழுதித் தரணும் அண்ணி."

"அடியம்மா! வெட்கமில்லாம என்கிட்டயே கேக்கறியா?"

"எப்படியும் ஊர் பூரா சொல்லத்தானே போறீங்க? அதையே ஒரு தடவை பேப்பர்ல எழுதிக் குடுங்க. அந்தப் பையன் இங்கயே இருந்துடுவான்."

நாத்தனார் மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள். "அந்த மூக்குக்கண்ணாடியை எடு," என்றாள்.

விசாரணையன்று நாத்தனாரும் கூட வந்திருந்தாள்; அவள் எழுதியதை அதிகாரி பிரித்தார். நாலு பக்கம்! மகள் பெட்டியோடு வந்திறங்கிய நேரம், மாப்பிள்ளை சலவை இயந்திரத்தை மாடியேற்றி முதுகைப் பிடித்துக்கொண்டது, பால்கனியில் ஈரத்துண்டுக்காக நடந்த சண்டை, அரைமணியில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சமாதானமானது, ஒன்று விடவில்லை. படிக்கப் படிக்க அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மாக்காரி எழுந்தாள். "அன்னைக்கு நான் சொன்னதும் நிஜம்தான் சார். பிரிச்சு வச்சது நான். நாலு பேர் பேச்சுக்குப் பயந்து பண்ணிட்டேன். அவங்க மேல தப்பே இல்ல."

அதிகாரி கையெழுத்துப் போட்டார். விசா கிடைத்தது. மாப்பிள்ளை சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான்.

நடைக்கு வந்ததும் நாத்தனாரின் போன் அலறியது. ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு சித்தியின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரே வீட்டுல இருக்காங்களாமே, நிஜமா?"

நாத்தனார் அவசரமாகப் போனை அணைக்கப் பார்த்தாள். அம்மாக்காரி போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"நிஜம்தான் சித்தி. கல்யாணம் ஆகி எட்டு மாசம் தாண்டியாச்சு. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வீட்டுலதான் இருக்காங்க, ஜோரா இருக்காங்க. எல்லாருக்கும் சொல்லிடுங்க!"