சிராய் எடுக்கும் ஊசி

அந்தப் பட்டறையில் மரப்பெட்டி செய்கிறார்கள். கப்பலில் போகும் இயந்திரங்களை உள்ளே இறக்கி, மேலே பலகை வைத்து ஆணியடித்து அனுப்புகிற பெட்டி. பதினான்கு பேர் வேலை. பலகை மலிவுச் சரக்கு, அறுத்த கையோடு வந்து இறங்கும், இழைப்பு என்ற பேச்சே கிடையாது. அதனால் தினமும் யாராவது ஒருவர் கையில் சிராய் ஏறும். நிர்வாகம் கையுறை கொடுக்காமல் இல்லை. அதை மாட்டிக்கொண்டு ஆணியைப் பிடித்தால் ஆணி எது, விரல் எது என்று தெரியாது. ஆகவே கையுறைகள் புதுக்கருக்கு கலையாமல் அலமாரியில் இருந்தன.

சிராய் ஏறியவர்கள் நேராகக் குண்டூசி அக்காவிடம் போவார்கள். ஆள் நாலரை அடி, வாய் மட்டும் சுருக்கென்று குத்தும், அதனால் வந்த பெயர். கண் பார்வை அப்படி ஒரு பார்வை. சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும் சின்னப் பலகையில் ஒரு சோப்புத் துண்டு இருக்கும். துருப் பிடிக்காமல் இருக்க, அந்தச் சோப்பில் ஒரு தையல் ஊசி குத்தியிருக்கும். அக்கா ஊசியை உருவுவாள், கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புவாள், "உன் மாமியார் ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று ஏதாவது கேட்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் சிராய் வெளியே வந்திருக்கும். ஊசியை ஏப்ரனில் ஒரு துடை, மறுபடி சோப்பில் ஒரு குத்து. ஒன்பது வருஷமாக இதுதான் வழக்கம்.

இப்படிப்பட்டவளைத்தான் ஒரே வாரத்தில் ஒதுக்கி வைத்தார்கள். எப்படி என்று கேளுங்கள்.

பெட்டிமேல் சிவப்புப் பெயிண்டில் அம்புக்குறி போடுகிறவள் ஒருத்தி உண்டு. இந்தப் பக்கம் மேலே, இந்தப் பக்கம் கீழே என்று காட்டும் குறி. அவளைப் பெயிண்டுக்காரி என்றே கூப்பிடுவார்கள். அவள் புருஷனுக்கு ஆபரேஷன். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். முதல் ஆளாகப் போய்ப் படுத்துச் சட்டைக்கையை மடக்கியவள் நம் குண்டூசி அக்கா.

நான்கு நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பதமாகத்தான் சொன்னார். ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி என்ற கிருமி இருக்கிறது, கல்லீரலில் தங்குகிற கிருமி, அந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றவில்லை, கல்லீரல் பிரிவில் போய்க் காட்டுங்கள் என்று. அக்கா தலையாட்டிவிட்டு எழுந்தாள். வெளியே வந்தால், பெஞ்சில் மருந்துப் பையோடு பெயிண்டுக்காரி.

"என்னக்கா, முகமே சரியில்ல?"

டாக்டர் கதவைச் சாத்தியதற்கு அர்த்தமே இல்லாமல், அக்கா அத்தனையையும் அவளிடம் கொட்டினாள். மனசு தாங்கவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. எதிரில் இருந்தவள் ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மறுநாள் காலை டீத் தட்டில் பதினான்கு எவர்சில்வர் டம்ளர்கள். பதின்மூன்று பளபளவென்று இருந்தன. ஒன்றில் மட்டும் சுற்றிலும் சிவப்புக் கோடு.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் பெயிண்டுக்காரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "இது உங்களுக்கு. எங்க வீட்ல ஆபரேஷன் ஆன மனுஷன் இருக்காரு. சின்னப் பிள்ளைங்க இருக்கு."

யார் புருஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போய் இந்தச் சங்கதி தெரிந்ததோ அவள் சொல்கிறாள் இதை. அக்கா டம்ளரைத் திருப்பி அந்தக் கோட்டைப் பார்த்தாள். டீயோடு அப்படியே தட்டில் வைத்தாள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? மதியம் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவள் கை கழுவிய குழாய்த் திருகை ஒருத்தி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தண்ணீரைச் சேமியுங்கள் என்று சுவரில் எழுதியிருக்கிற இடத்தில்தான் தேய்த்தாள். சிராய் ஏறினால்கூட அவளிடம் யாரும் கையை நீட்டவில்லை. ஊசியை அவரவரே எடுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு தோண்டித் தோண்டி ரத்தக்களரி ஆக்கிக்கொண்டார்கள். டம்ளரைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"ஒரு மாசம் வீட்ல ரெஸ்ட் எடுங்களேன். உடம்பு தேறட்டும்."

"எனக்கு உடம்புல என்ன சார் குறைச்சல்? நேத்து பன்னிரண்டு பெட்டி அடிச்சேன். வேற யாரு பத்தைத் தாண்டினாங்க, சொல்லுங்க."

"அதுக்கில்ல. எல்லாரும் பயப்படறாங்க. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. வேலைக்கு வரலாம்னு எழுதிக் கொடுத்தா பாப்போம். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

சனிக்கிழமை அக்காவும் அவள் வீட்டுக்காரரும் கல்லீரல் பிரிவுக்குப் போனார்கள். அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். "இருபது வருஷமா இவ சமைச்சதச் சாப்பிட்டே உயிரோட இருக்கேன், இதுக்கா பயப்படப் போறேன்?" என்றார் மனுஷர். நர்ஸ் சிரிக்கவில்லை. அவருக்குத் தொற்று இல்லை என்று மத்தியானம் தெரிந்ததும் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டு, மிச்சத்துக்குத் தேதி குறித்துக் கொடுத்தாள். அக்காவைப் பரிசோதித்த டாக்டர், இப்போதைக்குக் கல்லீரல் நன்றாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். லெட்டரும் எழுதிக் கொடுத்தார்.

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "டம்ளர்ல வராது. தட்டுல வராது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டா வராது. இருமினா, தும்மினா, கட்டிப் பிடிச்சா வராது. ரத்தம் ரத்தத்துல கலக்கணும். இல்லன்னா புருஷன் பெண்டாட்டி உறவு. இல்லன்னா பிரசவத்துல தாய்கிட்டருந்து பிள்ளைக்கு. அவ்வளவுதான். ஆனா ஷேவிங் பிளேடு, பல் பிரஷ், நகவெட்டி, ஊசி, இதெல்லாம் யாரோடயும் பங்கு போட்டுக்கக் கூடாது."

"ஊசியா?" அக்கா சிரித்தாள். "நாங்க அந்த மாதிரி ஊசி போட்டுக்கிற ஆளுங்க இல்லம்மா. மரத்துல ஆணி அடிக்கிறவங்க. எங்களுக்கு இருக்கிறதே ஒரே ஊசி, அதுவும் சிராய்..."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எத்தனை பேரு அந்த ஊசிய எடுக்கறீங்க?"

"பதினாலு பேரு. ஆனா துடைச்சுத்தான் வைப்போம்."

"துடைச்சாப் போகாது. கண்ணுக்கே தெரியாத துளி ரத்தம் போதும். காஞ்சு போனாலும் அந்தக் கிருமி ஒரு வாரம் தாங்கும்."

"அப்போ என்னாலதான் எல்லாருக்கும்..."

"யாரு சொன்னா? உங்களுக்கு அங்க யார்கிட்டருந்தாவது வந்திருக்கலாம். நீங்க பிறக்கும்போதே வந்திருக்கலாம். வேற யாருக்குமே இல்லாமலும் இருக்கலாம். இருக்கிறவங்கள்ல நிறையப் பேருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

வெளியே வந்து பஸ் ஏறினார்கள். கையில் லெட்டர் இருக்கிறது. இவர் எல்லாரோடும் வேலை செய்யலாம், எல்லாரோடும் சாப்பிடலாம் என்று முத்திரையோடு எழுதியிருக்கிறது. அதை நீட்டினால் வேலை நிலைத்துவிடும். ஊசியைப் பற்றி வாயைத் திறந்தால் என்ன ஆகும்? நேற்றுவரை காரணமில்லாமல் பயந்தவர்களுக்கு இவளே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். எல்லார் கையிலும் குத்தியவள் யார்? இவள்தானே.

சொல்லாவிட்டால் என்ன, டம்ளரை ஒதுக்கினவர்கள்தானே, எப்படியோ போகட்டும் என்று நினைத்தாள். பொய் சொல்வானேன், இரண்டு பஸ் ஸ்டாப் தூரம் அப்படித்தான் நினைத்தாள். மூன்றாவது ஸ்டாப்பில், தங்கள் கையைத் தாங்களே தோண்டிக்கொண்டவர்களின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"நான் வாய மூடிட்டு இருந்துடட்டுமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"இருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்கிட்ட என்ன கேள்வி?" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் லெட்டரை இரண்டு முறை படித்தார். "சரி, வேலையப் பாருங்க. அந்த டம்ளர் மட்டும் அப்படியே இருக்கட்டும். மத்தவங்க மனசுக்காக."

மனசாம், மண்ணாங்கட்டியாம். அக்கா பட்டறைக்குள் நடந்தாள். கடிகாரத்துக்குக் கீழே பெயிண்டுக்காரி நின்று, உள்ளங்கையில் ஏறிய சிராயை எடுக்க ஊசியை உருவிக்கொண்டிருந்தாள்.

"குத்தாத. கீழ வை," என்றாள் அக்கா.

"ஏன், அதுக்கும் உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"கீழ வைடி முதல்ல."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பெயிண்டுக்காரி வைத்துவிட்டாள். சுத்தியல் சத்தமெல்லாம் ஓய்ந்தது. அக்கா பாதி அடித்த பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்றாள், இல்லாவிட்டால் பின்வரிசைக்குத் தெரியமாட்டாள்.

"எனக்கு வந்திருக்கிறது டம்ளர்ல வராது. நான் தொட்ட குழாயில வராது. என் பக்கத்துல உட்கார்ந்தா வராது. டாக்டர் முத்திரை குத்திக் கொடுத்திருக்காரு, படிக்கத் தெரிஞ்சவங்க படிங்க. ரத்தத்துலதான் வரும். என் டம்ளர ஒதுக்கினீங்களே, இந்த ஊசிய யாராவது ஒதுக்கினீங்களா? போன வாரம் முழுக்க இதாலதான் கையக் குத்திக்கிட்டீங்க. அதுக்கு முன்னாடி நான் என் கட்டைவிரல் சிராய எடுத்ததும் இதே ஊசிதான்."

பின்னாலிருந்து, பலகையை அளவுக்கு அறுத்துக் கொடுக்கிற ரம்பக்காரர் கேட்டார்: "அப்போ ஒன்பது வருஷமா எங்களுக்கெல்லாம் நீதான் ஏத்திவிட்டியா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இரண்டு நாள் தூங்கவில்லை.

"இருக்கலாம்," என்றாள். "உங்க யார்கிட்டருந்தாவது எனக்கு வந்திருக்கவும் செய்யலாம். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நான் சும்மா இருந்திருந்தா என் வேலை பத்திரமா இருந்திருக்கும், நீங்களும் குத்திக்கிட்டே இருந்திருப்பீங்க. எனக்கு அது வேணாம். திட்டறதா இருந்தா டெஸ்ட் எடுத்துட்டு வந்து திட்டுங்க."

கீழே இறங்கி, குறடால் ஊசியைப் பிடித்து, காலி ஆணி டப்பாவில் போட்டு மூடியை அடித்து இறுக்கினாள்.

"டெஸ்ட் எல்லாம் அவங்கவங்க லீவு நாள்ல பாத்துக்கட்டும்," என்றார் சூப்பர்வைசர். "வெளிய லாரி நிக்குது. கடைசிப் பெட்டிய மூடுங்க."

அக்கா அந்தக் கடைசிப் பெட்டியின் வாய்மேல் கிடந்த பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் மூட மாட்டேன் சார். வேற யாரு மூடறதா இருந்தாலும் என்னச் சேர்த்துத்தான் ஆணியடிக்கணும்."

சூப்பர்வைசர் சுற்றிப் பார்த்தார். ரம்பக்காரர் தன் சுத்தியலைக் கீழே போட்டார். அடுத்து ஒருத்தி. அப்புறம் டொக்கு டொக்கென்று எல்லாம் விழுந்தன. கடைசியாகப் பெயிண்டுக்காரி பிரஷ்ஷை டப்பாவில் வைத்தாள். அரைமணி நேரத்தில் அதே லாரியில் பதினான்கு பேரும் ஏறி மருத்துவமனைக்குப் போனார்கள். இயந்திரம் கப்பலுக்காக ஒருநாள் காத்திருந்தது, அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

முடிவை ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தித்தான் சொன்னார்கள். தடுப்பூசி தேவைப்பட்டவர்களுக்கு முதல் தவணை அன்றே போட்டாயிற்று. யாருக்கு என்ன என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு ஊசி, ஆளுக்கொரு தீப்பெட்டி, மேலே அவரவர் பெயர் என்று புதிதாக ஒரு வழக்கம் வந்தது. இத்தனை சுலபமான காரியம் ஒன்பது வருஷமாக ஒருத்தர் மண்டையிலும் உதிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலை டீ வந்தது. எல்லாரும் தட்டைச் சுற்றி நின்றபோது, பெயிண்டுக்காரி சிவப்புப் பெயிண்டும் பிரஷ்ஷுமாக வந்தாள். தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். அதைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தாள். அக்காவுடையது ஏற்கெனவே கோடு போட்டது. இது இன்னொன்று. இது அவளுடையது.

கேட்காமலே எல்லாருக்கும் புரிந்தது, அவளுக்கும் இருக்கிறது. கோடு ஓரிடத்தில் விலகியது. ஒன்பது வருஷத்தில் ஒரு அம்புக்குறிகூடப் பிசகாமல் போட்ட கை அது.

எல்லாருடைய கண்ணும் குண்டூசி அக்காமேல் இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க அவளுக்கு முழு உரிமை இருந்தது. அந்த நாலு கேள்வியும் அவள் வாய் வரை வந்தது, அதையும் மறைப்பானேன். அவள் நடந்து போய்க் கையை நீட்டினாள்.

"குடு இங்க."

பெயிண்டுக்காரி பிரஷ்ஷைக் கொடுத்தாள். அக்கா தட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த பன்னிரண்டு டம்ளரையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கோடு போட்டாள். ஒருத்தரும் தடுக்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து, சூப்பர்வைசர் கையிலிருந்த பீங்கான் கப்பை வாங்கி அதிலும் ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, விரலில் ஒட்டிய பெயிண்டைப் பார்த்தபடி நின்றார்.

"இப்ப எது உன்னுது, எது என்னுதுன்னு கண்டுபிடி," என்றாள் அக்கா.

பெயிண்டுக்காரி தட்டைப் பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கோடு எல்லாம் கோணலா இருக்குக்கா."

"கோணலாத்தான் இருக்கும். நான் என்ன பெயிண்டுக்காரியா? டீய எடு, ஆறுது."