நொண்டும் சிலிண்டர்

டிரைவருக்கு இடது முழங்காலில் ஆரம்பித்த வலி இடுப்பைப் பிடித்து, அங்கிருந்து முதுகுத்தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. கிளட்சை மிதித்து மிதித்து வந்த வலி. வளைவுக்கு வளைவு மிதி, விடு, மறுபடி மிதி. வண்டியில் தெம்பு இருந்தால் காலுக்கு ஏன் இந்தக் கதி? நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ராணுவ லாரி அது. ஏலத்தில் எடுத்தபோது எந்தச் சேற்றையும் எட்டி உதைத்துக்கொண்டு போனது. இப்போது மரம் ஏற்றினால் மலைப்பாதையின் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. சுமைக்காரர்கள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைப்பார்கள். அவன் கிளட்சை மிதித்தபடி பல்லைக் கடிப்பான்.

"மாமா, மரத்த நாங்களே தோள்ல தூக்கிட்டுப் போயிடறோம். நீங்க எருமைய மட்டும் பத்திரமா ஓட்டிட்டு வாங்க," என்றான் சுமைக்காரர்களில் வாய்க்காரன்.

"வெறும் வண்டி மட்டும் ஏறிடும்னு உனக்கு யார்ரா சொன்னா?" என்றான் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தபோது இடுப்பில் சுரீரென்றது.

மர வியாபாரி சிரிக்கவில்லை. "உன் எருமை குடிக்கிற டீசலுக்கு நான் யானையே கட்டித் தீனி போட்டிருப்பேன். மழை பிடிக்கறதுக்குள்ள மரம் பூரா இறங்கியாகணும். வண்டிய சரி பண்ணிட்டு வா. இல்ல, வேற வண்டி சொல்லிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாதே."

அந்த வண்டியை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. நேராக அக்கா வீட்டுக்குத்தான் ஓட்டினான். அக்கா புருஷன் டீசல் மெக்கானிக். வீட்டை ஒட்டியே பட்டறை.

மச்சான் வாயால் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, ஸ்பேனரால் பேசுவார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். ஒரு முறம் மண் கொட்டியது. "மூச்சுக்குப் பதிலா மண்ணக் குடுத்திருக்க, மாப்ள." முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினார், சுற்றவில்லை. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக் கிடந்தது. சேற்றுக்காக என்றைக்கோ காற்று இறக்கிய டயர்களுக்கு மறுபடி அடிக்கவே இல்லை. நாசிலை எடுத்து அடித்துக் காட்டினார். பனி மாதிரி பூவாகத் தூவ வேண்டிய டீசல், ஒழுகுகிற குழாய் மாதிரி சொட்டியது. ஒவ்வொன்றுக்கும் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான்.

எல்லாம் சரி செய்த பிறகு வண்டி பாதி தேறியது. மீதிப் பாதி தேறவில்லை. டீசல் பம்ப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு மச்சான் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள டீசல அளந்து தள்ளுற எலிமென்ட் தேஞ்சு போச்சு. இந்த மாடலுக்கு இப்ப எவனும் புதுசு போடறதில்ல."

"டீசல் ஸ்க்ரூவக் கொஞ்சம் ஏத்தி விடுங்களேன் மச்சான். இழுக்கும்ல?"

"இழுக்கும். கரும்புகையக் கக்கிக்கிட்டு இழுக்கும். குடிக்கறதுக்கு மேல குடிக்கும், சூடு ஏறி பிஸ்டன் உருகும். பசிக்கு வெஷத்தத் தின்ன கதை. அத என் கையால செய்யமாட்டேன்."

இருவருக்கும் ஒரே இடம்தான் ஞாபகத்தில் இருந்தது. பட்டறைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், தார்ப்பாய் போர்த்திய ஜீப். அதிலும் இதே இன்ஜின், இதே பம்ப்.

அது மருமகனுடைய, அக்கா பெற்ற பிள்ளையுடைய ஜீப். உடைக்கப் போன வண்டியை வாங்கி, போல்ட் போல்ட்டாக அவனே சேர்த்தது. அப்பனைத் தொடவிடவில்லை. ஆசை தீர ஓட்டவும் இல்லை. மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அதில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவாள். கொஞ்ச நேரம் ஓடவிடுவாள். எங்கேயும் போகமாட்டாள். இறங்கி, தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு அடுப்படிக்குப் போவாள். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

"நீ நெனைக்கிறது எனக்குத் தெரியுது," என்றார் மச்சான். "நான் கேக்கமாட்டேன். உன் அக்கா, நீயே கேளு."

அக்கா துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவன் சுற்றி வளைத்தான். மழை, வியாபாரி, இடுப்பு வலி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"பம்ப்பு வேணுமா?" என்றாள் அக்கா நிமிராமல்.

"மழை முடியற வரைக்கும்தான்க்கா. வேற ஒண்ணு தேடிட்டு இத அப்படியே கொண்டுவந்து மாட்டிடறேன்."

"அப்படியேவா?"

"அப்படியே."

அவள் பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். "உன் பிள்ளைங்களும் சாப்பிடணும்ல," என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அது ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் பிடித்தது. மூன்று அடி சீராக விழும். அடுத்தது கொஞ்சம் இடறும். நடக்கும்போது ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைக்கிற ஆள் மாதிரி. மருமகன் பம்ப் செட்டிங்கில் விட்ட பிழை அது. "ஒரு சிலிண்டர் நொண்டுதுடா, பம்ப்ப எங்கிட்டக் குடு" என்று மச்சான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார். "நொண்டிக்கிட்டே ஓடட்டும்பா, என் வண்டின்னு தூரத்துலயே தெரியும்ல" என்பான் அவன்.

அக்கா அதை நிறுத்திவிட்டு இறங்கினாள். "எடுத்துக்கோ."

மச்சான் பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினார். சிலிண்டருக்கு ஒன்றாக நாலு கண்ணாடிக் குழாய்களில் டீசல் இறங்கியது. ஒன்று, இரண்டு, நாலு ஒரே மட்டத்தில் நின்றன. மூன்றாவது குழாயில் மட்டும் மட்டம் தாழ்ந்திருந்தது. அதுதான் அந்த நொண்டல். ஸ்க்ரூ டிரைவரை எடுத்த மச்சான் ஒரு கணம் நிறுத்தி அவனைப் பார்த்தார்.

"சமம் பண்ணிடவா?"

அவனுக்கு அப்போது மலைப்பாதை மட்டும்தான் கண்ணில் நின்றது. "பண்ணிடுங்க மச்சான். ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது."

நல்ல மெக்கானிக்கின் கை; பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காது. இரண்டு திருப்பில் நாலு மட்டமும் கோடு போட்டாற்போல் நின்றன.

மறுநாள் லாரி முழுப் பாரத்தோடு மலைப்பாதையில் மூன்றாவது கியரில் ஏறியது. புகை இல்லை, திணறல் இல்லை. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குதிக்கத் தயாராக நின்ற வாய்க்காரன், வளைவு தாண்டியதும் கட்டையைக் காட்டுக்குள் வீசினான். "மாமா, எருமைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சீங்களா?" முன்பு ஒரு நடைக்கு ஆன டீசலில் இப்போது ஒன்றரை நடை அடித்தது. மழைக்கு முன்னால் கடைசி மரமும் இறங்கியது. வியாபாரி வேறு வண்டி பற்றிப் பேச்செடுக்கவில்லை. இடுப்பு வலிகூடக் குறைந்தது.

மழைக்காலம் முடிந்ததும், உடைத்த லாரி ஒன்றிலிருந்து நல்ல பம்ப்பு கிடைத்தது. சொன்ன சொல் தவறாமல் அக்காவின் பம்ப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். மச்சான் ஜீப்பில் மாட்டி, குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தார். அக்கா முகம் கழுவிவிட்டு வந்து ஏறி உட்கார்ந்தாள்.

சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. நாலு அடியும் ஒரே சீராக, தையல் மிஷின் மாதிரி ஓடியது. எந்த மெக்கானிக்கும் மெச்சுகிற ஓட்டம்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "என்ன பண்ணீங்க?"

மச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

"நான்தான்க்கா பண்ணச் சொன்னேன்," என்றான் டிரைவர்.

"அவன் சத்தம் எங்கடா?"

அவள் இன்ஜினை நிறுத்தாமலே இறங்கி உள்ளே போனாள்.

அன்று முழுக்க மச்சான் அந்தப் பம்ப்போடு மல்லுக்கட்டினார். சரியாக இருக்கிற இன்ஜினைப் பிழையாக்கப் பார்த்தார். மூன்றாவதைக் கொஞ்சம் குறைப்பார், மாட்டுவார், ஓடவிடுவார். இடறும்; ஆனால் வேறு மாதிரி இடறும். அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வரும்: "இல்ல." மறுபடி கழற்றுவார். "இல்ல." கொஞ்சம் கூட்டுவார். "இல்லங்க. விடுங்க." மட்டம் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்று அவர் குறித்து வைக்கவில்லை. தப்பை யார் அளந்து வைப்பார்கள்?

சாயங்காலம் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு மட்கார்டில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் சரி பண்ணிட்டேன், மாப்ள. என் புள்ள பண்ண ஒரு தப்ப மட்டும் எனக்குப் பண்ணத் தெரியல." பிள்ளை செத்த அன்றுகூட அழாத மனுஷன், கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டிரைவர் பக்கத்தில் நின்றான். தோளைத் தொடக்கூட அவனுக்குக் கை வரவில்லை.

அதற்கப்புறம் அக்கா ஜீப்பில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்கிறாள். தம்பி வந்தால் சோறு போடுகிறாள், பிள்ளைகளை விசாரிக்கிறாள், வண்டி நல்லா ஓடுதா என்றுகூடக் கேட்கிறாள். நல்லா ஓடுதுக்கா என்கிறான். தட்டைப் பார்த்தபடிதான் சொல்கிறான்.

பம்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்படியே கொடுப்பதாகச் சொன்ன அவள் மகனின் சத்தத்தை அவன் இன்னும் அக்காவுக்குக் கொடுக்கவில்லை.