ஒன்டேக்கின் இரண்டாவது டேக்

1

இந்தக் கதையைத் திருடினேன் என்று சொன்னால் ஜோராக இருக்கும். உண்மை அவ்வளவு சுவாரஸ்யமில்லை. என் தொடர்கதை ஒன்று படமாகிக்கொண்டிருந்தது. டப்பிங் நடக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் ஒரு பெண். இந்தப் பக்கம் சோபா நுனியில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அவளுடைய அம்மா. டீ வேண்டுமா என்று கேட்டதற்கும் அந்த அம்மா தலையைத்தான் ஆட்டினார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை. (புளுகு என்று நீங்கள் சொன்னாலும் சண்டைக்கு வரமாட்டேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘நள்ளிரவு. ஸ்டுடியோவின் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. உள்ளே ஒரு—’

இல்லை. நல்ல பகல். ஸ்டுடியோக் கதவு கிரீச்சிடாது, அதற்குத்தான் ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள். பழக்கதோஷம், மன்னியுங்கள்.

இன்னொரு முறை: அவளுக்கு ஸ்டுடியோவில் ஒன்டேக் என்று பெயர். கதாநாயகியா, வில்லியா, பல் முளைக்காத குழந்தையா, எது கொடுத்தாலும் ஒரே டேக்கில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். அன்றைக்கு வேலைக்காரி வேஷம். வசனமும் ஒன்றே ஒன்று: “அம்மா, வாசல்ல யாரோ நிக்கிறாங்க.”*

(*வசனம் என்னுடையது. என் தொடரில் இது வந்தால் அடுத்த பாராவில் பிணம் விழும். அந்த வேலைக்காரிக்கு நான் ஊர் வைக்கவில்லை, உறவு வைக்கவில்லை. கதவைத் திறக்க ஒரு கை தேவைப்பட்டது.)

சொன்னாள். டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

“சப்புன்னு இருக்கு ஒன்டேக். தியேட்டர்ல சிரிப்பு வரணும். மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க பேசுவாங்களே, அந்த மாதிரி இழுத்துச் சொல்லு. உனக்கா தெரியாது?”

ஒன்டேக்கின் அம்மா மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். ஸ்டுடியோவில் யாருக்கும் அது தெரியாது. அப்பாவின் முகம், அப்பாவின் பேச்சு, அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டியிருந்தாள். அந்தப் பக்கத்து வேஷம் எப்போது வந்தாலும் தொண்டை கட்டிக்கொண்டது என்று தட்டிக்கழிப்பாள். பொய்யும் இல்லை, நிஜமாகவே கட்டிக்கொள்ளும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தொண்டை ஜம்முனு இருக்கேம்மா” என்பார்.

இன்றைக்கு அம்மாவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார். கண் டாக்டரிடம் மருந்து விட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவர் முகம் தெரியாத நிலையில். தனியாக அனுப்ப மனமில்லாமல் கூட்டிவந்துவிட்டாள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். செய்கிறேன் என்றால் அம்மா கேட்பார்.

3

இங்கே கதையை நிறுத்திவிட்டுப் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பத்திரிகையில் எழுதும்போது இதைச் செய்தால் ஆசிரியர் திட்டுவார். போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகள். அப்பா வீட்டுக் கூடம், தடதடக்கும் மின்விசிறி, தரையில் வரிசையாகப் படுத்திருக்கும் பெரியப்பா பிள்ளைகள். நடுவில் அத்தை, அப்பாவின் அக்கா. கூடத்துக்கே ராணி.

“ஏய் குட்டி, உங்கம்மா மாதிரி பேசிக் காட்டுடி!”

“எப்படி அத்தை?”

“இப்படிடி. ‘யாஆஆரோ வந்தாஆஆங்க...’ மூக்கால பேசு. ஆங், அதேதான்!”

கூடமே குலுங்கியது. அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் கைதட்டல் அது. அடுப்படி வாசலில் நின்று அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அதே அப்பா மாமனார் வீட்டுக்குப் போனால் தன் மொழியிலேயே சத்தமாகப் பேசுவார். அவருக்காக அந்த வீடே நாலு வார்த்தை கற்றுக்கொண்டது. மாப்பிள்ளை பேச்சை யார் கேலி செய்வார்கள்? மருமகள் பேச்சு மட்டும் கூடத்தில் கிடக்கும் பந்து. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தட்டலாம்.

துணி மடிக்கும்போது மட்டும் அம்மா தன் மொழியில் தனக்குத்தானே பேசிக்கொள்வார். கதவுக்குப் பின்னால் நின்று மகள் கேட்பாள். ஒரு வார்த்தையும் புரியாது. வெயிலில் காய்ந்த துணியின் வாசனையும் அந்தச் சத்தமும் ஒன்றுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

(இந்தப் பத்தி கதைக்குத் தேவையா? தேவையில்லை. எடுக்க மனம் வரவில்லை.)

4

[நீக்கியது: ‘அவள் ஹெட்போனைக் கழற்றி வீசினாள். “எங்கம்மா பேச்சு உங்களுக்குச் சிரிப்பா?” என்று—’ தியேட்டரில் விசில் பறக்கும். ஆனால் சம்பளத்துக்கு மைக் முன்னால் நிற்கிற எவளும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.]

5

ஆகவே, அவள் செய்தாள்.

“அம்மாஆஆ, வாசல்ல யாஆஆரோ நிக்கிறாஆஆங்க!”

டைரக்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சவுண்டு இன்ஜினியர் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினார். “ஒன்டேக்னா ஒன்டேக்தான்! ஓகே, அடுத்த சீன்.”

அப்போது ஹெட்போனில் இன்னொரு குரல் வந்தது. சோபாவிலிருந்து எழுந்து, மங்கிய கண்ணோடு மேஜையைத் தடவி வந்து, இன்ஜினியரிடம் சைகையில் கேட்டு, மைக் அறையோடு பேசும் பொத்தானை அம்மா அழுத்தியிருந்தார். வெளியிடத்தில் வாயே திறக்காத அம்மா.

“குட்டி... அது நான் இல்லடி.”

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அது உங்க அத்தை.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டைரக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“நாங்க இழுக்கறதில்லம்மா. எனக்கு உங்க பேச்சுல... வார்த்தை சட்டுனு வராது. தேடுவேன். நான் நிறுத்தற இடத்துல உங்க அத்தை இழுத்துடுவாங்க.”

ஒன்டேக் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். எல்லாருடைய குரலும் அவளிடம் இருந்தது. அம்மாவின் குரல் என்று இத்தனை வருஷம் தொண்டைக்குள் பூட்டி வைத்திருந்தது மட்டும் அத்தையுடையது.

“ஒன்டேக்,” டைரக்டர் தொண்டையைச் செருமினார், “எனக்கு ஓகே ஆயிடுச்சு. இதுவே போதும்.”

“ஒன் மோர் சார்,” என்றாள். அந்த ஸ்டுடியோவில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

6

முடிவு அ: அவள் சொல்கிறாள், எல்லாரும் அழுகிறார்கள். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: அவள் சொல்கிறாள், யாரும் சிரிக்கவில்லை. படத்தில் பழைய டேக்கையே வைத்துவிடுகிறார்கள். (நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

முடிவு இ: அவள் வாயைத் திறக்கிறாள், இரண்டாவது வார்த்தைக்குப் பிறகு நிறுத்துகிறாள். அம்மா நிறுத்துவாரே, அந்த இடத்தில். அச்சில் அதற்கு மூன்று புள்ளிதான் வைக்க முடியும். அதற்குமேல் நான் ஒரு சொல் எழுதினாலும் அத்தை செய்ததையே செய்தவனாவேன். அந்தப் பெண் வார்த்தை தேடும் நேரத்தை என் சத்தத்தால் நிரப்பியவனாவேன்.

நீங்களும் நிரப்பாதீர்கள். காத்திருங்கள்.

சிவப்பு விளக்கு எரிகிறது. சோபா நுனியில் அம்மா கண்ணை மூடிக்கொள்கிறார்.

“அம்மா, வாசல்ல...