அசருக்கு வந்த சுபுஹு பாங்கு

மற்றவர்களுக்கு இருமல் வந்தால் தொண்டை புண்ணாகும், அத்தோடு சரி. உதுமானுக்கு வந்த இருமல் அவர் குடியிருந்த அறையையே பிடித்து உலுக்கியது. தாராவியில் தோல்பை தைக்கும் சந்துக்குள் இருக்கிற பள்ளிவாசலுக்கு அவர்தான் மோதினார். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்ல வேண்டும். அதற்காக, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்துக்கு மேலே ஓர் அறை. பாங்கு சொல்கிற தொண்டைக்குத்தான் அறை, ஆளுக்கு இல்லை. இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. முன்பிருந்த மோதினார் இடுப்பொடிந்து விழுந்தபோது பள்ளியை நடத்தும் ஜமாஅத்தார் அவருக்குச் சால்வை போர்த்தி, ரயிலேற்றி, கண்கலங்கி வழியனுப்பினார்கள். அந்தக் கண்ணீர் காய்வதற்குள் உதுமான் பாயும் தலையணையுமாக மேலே ஏறிவிட்டார். அன்று அது அல்லாஹ்வின் கிருபையாகத் தெரிந்தது.

மழைக்காலத்தில் பிடித்த இருமல் குளிர்காலம் வந்தும் விடவில்லை. போதாக்குறைக்கு நெஞ்சில் ஒரு வலியும் சேர்ந்துகொண்டது. மூச்சை ஆழமாக இழுத்தால் விலாவுக்குள் சுருக்கென்று குத்தும். சந்து முனை டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்து, சளியையும் பரிசோதித்துக்கொண்டு வரச் சொல்லிக் கைவிரித்துவிட்டார்.

மாட்டுங்கா பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றதும் அவள் முகம் சுளிக்கவெல்லாம் இல்லை. அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள், அவ்வளவுதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வி கிடையாது. அங்கே வரிசைதான். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு போய் நின்றவருக்கு டாக்டரின் கதவு கண்ணில் பட்டபோது நடுப்பகல் லுஹர் நெருங்கிவிட்டது. பாங்கு யாருக்காகவும் காத்திருக்காது. விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஓடி வந்ததில் இருமல் இரண்டு மடங்கானது.

ஒரு நாள் லீவு கேட்டால் தலையா போய்விடும்? மனைவி பீவி கேட்டது அதைத்தான்.

“தலைவருட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்ன? நெஞ்சப் புடிச்சிக்கிட்டுப் படியேறுதீயளே, பாக்கச் சகிக்கல.”

“நா போற அன்னைக்கு மைக்குல வேற ஒருத்தன் நிப்பான். நின்னவன் எறங்க மாட்டான் பீவி. புள்ள பரிச்ச முடியட்டும்.”

பிள்ளை என்றது மகள் ஜுவைரியாவை. பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக்கு முன்னால் இந்த அறையை விட்டு இறங்கினால் ஊருக்குத்தான் போகவேண்டும். இந்தியிலும் இங்கிலீஷிலும் படித்த பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்? அத்தோடு அதன் படிப்புக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். ஜமாஅத்தில் ஆளுக்கொரு சொந்தக்காரன் ஊரில் வேலையில்லாமல் இருந்தான். அத்தனை பேருக்கும் தொண்டை நன்றாக இருந்தது.

அதனால்தான் உதுமான் அந்தக் காரியத்தில் இறங்கினார். இருமல் அடங்கியிருந்த ஒரு முற்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தன் பாங்கைத் தன் போனிலேயே பதிந்துகொண்டார். பள்ளியில் ஆம்ப்ளிஃபயர் வைத்த சிறிய அறைக்குத் திரைச்சீலை உண்டு. உள்ளே நின்று போனை மைக்குக்கு முன்னால் பிடித்தால் வெளியே யாருக்குத் தெரியும்? தெரியவும் இல்லை. ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை. போன் சொல்கிற பாங்கு பாங்காகுமா என்று மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவருக்கே தெரியும். அதனால் போன் பாடும்போது அவரும் கூடவே உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லையும் காற்றுப் போலச் சொன்னார். இது திருட்டில்லை, கொஞ்சம் கைத்தாங்கல் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். அந்தச் சமாதானத்துக்கு அவரே மயங்கவில்லை.

சில வாரங்கள் இப்படியே ஓடின. சுபுஹை மட்டும் எப்படியோ சொந்தக் குரலில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். விடியற்காலையில்தான் இருமல் ஆளைக் கொல்லும். ஆகவே ஒரு நாள் லுஹர் முடிந்ததும் அதற்கும் ஒன்றைப் பதிந்துவைத்தார். சுபுஹு பாங்கில் மட்டும் ஒரு வரி கூடுதல்: தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது. போனில் எப்போதும் பட்டியலின் மேலே இருப்பதைத் தொட்டுத்தான் அவருக்குப் பழக்கம். புதிதாகப் பதிந்தது மேலே போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அன்றைக்கே அசர் வேளை வந்தது. மேலே இருந்ததைத் தொட்டார். உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். இனி முடிவுத் தக்பீர், ‘அல்லாஹு அக்பர்’ என்று அவர் வாயெடுத்தபோது போன் தன் போக்கில் ‘அஸ்ஸலாத்து கைரும் மினன் நவ்ம்’ என்றது. வெயில் அடிக்கிற பிற்பகலில், தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கிற சந்து முழுவதையும் தூக்கத்திலிருந்து எழுப்பியது. நடுவில் நிறுத்தவும் வழியில்லை. இன்னொரு முறையும் அதே வரியைச் சொல்லிவிட்டுத்தான் அது அடங்கியது.

தொழுகை முடிந்ததும் பட்டறைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போன் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மோதினார் தூக்கக் கலக்கத்தில் உளறிவிட்டார் என்றுதான் நினைத்தார்கள். ஜமாஅத் தலைவர் அப்துல் ரவூப் தோல்பைப் பட்டறை வைத்திருப்பவர், நல்ல மனிதர். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்திருந்தால் ஏசிவிட்டுப் போயிருப்பார். இவர் உதுமானின் தோளில் கைபோட்டு, களைத்துப் போயிருக்கிறீர் என்றார், எல்லோருக்கும் வருகிற மறதிதான் என்றார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பிக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

“மஃரிபுக்கு நானே பக்கத்துல நிக்கேன் மோதினாரே. நீரு தைரியமாச் சொல்லும். எவன் சிரிக்கான்னு பாப்போம்.”

உதுமான் சட்டைப்பையில் கிடந்த போனைத் தடவிப் பார்த்துக்கொண்டு படியேறினார்.

பொழுது அடைந்து மஃரிபு வந்ததும் பட்டறைகள் எல்லாம் கைநிறுத்தும். பள்ளி நிறைந்திருந்தது. தலைவர் திரையை ஒதுக்கிவிட்டு அவர் அருகில் வந்து நின்றார். போன் சட்டைப்பையில் நெஞ்சுக்கு நேராகக் கிடந்தது. உதுமான் காதில் விரல் வைத்தார். தக்பீர் வந்தது, சாட்சி சொல்லும் ஷஹாதாவும் வந்தது. இத்தனை நாள் மஃரிபில் உதட்டோடு நின்றுபோன குரல் வெளியே வந்ததில் அவருக்கே ஒரு சந்தோஷம். இன்னும் கொஞ்சம்தான் என்று மூச்சை ஆழமாக இழுத்தார். விலாவுக்குள் குத்தியது. அப்புறம் வந்தது பாங்கில்லை, இருமல். மைக் அதைச் சந்து முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அப்துல் ரவூப் அவரை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தானே பாங்கை முடித்தார்.

தொழுகைக்குப் பிறகு தலைவரின் கண்கள் கலங்கியிருந்தன. இதை ஏன் மறைத்தீர் என்று கடிந்துகொண்டார். எத்தனை நாளானாலும் வரிசையில் தானே கூட நிற்பதாகச் சொன்னார். டாக்டருக்கு ஆகும் செலவை ஜமாஅத் பார்த்துக்கொள்ளும் என்றார். உதுமான் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இதற்குப் பின்னால் வரப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

“ஊருல அப்ரார்னு நம்ம பய ஒருத்தன் சும்மாதான் இருக்கான், புள்ள குட்டிக்காரன். நீரு கொணமாயி வாற வரைக்கும் அவன் நிக்கட்டும். என்ன சொல்லுதீரு?”

“நல்லது பாய்,” என்றார் உதுமான்.

படியேறி மேலே போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜுவைரியா காதைப் பொத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். பாங்கு நடுவில் குரல் மாறியதைப் பீவியும் கேட்டிருந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.