ஓரத்தில் நிற்கப் போவது யார்?

ஆஸ்பத்திரி ஆண்டுமலருக்குப் படம் எடுக்கும் வேலையை எக்ஸ்ரேக்காரியிடம் யாரும் கொடுக்கவில்லை. அவளே தலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. பன்னிரண்டு வருஷமாக ஊரார் நெஞ்சையும் முட்டியையும் படம் எடுக்கிறவள், எலும்பு எடுக்கத் தெரிந்தவளுக்குத் தோல் எடுக்கத் தெரியாதா என்று ஒரு கேமராவையும் வாங்கிவிட்டாள். கைக்கு அடக்கமான, சின்ன சென்சார் கேமரா. சென்சார் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. முன்பு ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கிற சில்லு. வெளிச்சம் அதன்மேல் விழுந்தால் படம், அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வருஷம் சமையலறையைப் படம் எடுக்கிற வரைக்கும்.

அந்தச் சமையலறையைக் கட்டியவன் மகா கஞ்சன். நீளம் பதினெட்டு அடி, அகலம் ஒன்பதே அடி. ஒரு நீளச் சுவரை ஒட்டி வரிசையாக அடுப்புகள். எதிர்ச் சுவரின் நடுவில் வாசல். அடுப்பு வரிசை முடிகிற வலது மூலையில் பாத்திரம் கழுவும் தொட்டி. அந்தத் தொட்டி முன்னால் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவருக்குத் தொட்டியம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாசலில் நின்று எடுத்த படத்தில் நட்ட நடுவில் மாஸ்டர், அதாவது தலைமைச் சமையல்காரர், மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் உதவியாளர்கள். வலது ஓரத்தில் தொட்டியம்மாவின் ஒரு கை மட்டும் இருந்தது. முழங்கைக்குக் கீழே, சோப்பு நுரையோடு, ஒரு கரண்டியைப் பிடித்த கை.

அச்சாகி வந்தும் எக்ஸ்ரேக்காரி அதைக் கவனிக்கவில்லை. மலர் வந்த அன்று சாயங்காலம், தொட்டியம்மாவைக் கூட்டிப்போக வந்த மருமகளிடம் அவர் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, இந்தக் கை என்னுது."

குறையாகச் சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். பெருமையாகச் சொன்னார். நடையில் வந்துகொண்டிருந்த எக்ஸ்ரேக்காரிக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. நெஞ்சுப் படத்தில் நுரையீரலின் ஓரம் ஒரு நூலளவு வெட்டுப்பட்டாலும் திரும்ப நிற்கவைத்து எடுக்கிறவள் அவள். ஒரு மனுஷியையே வெட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

அதுவும் எப்பேர்ப்பட்ட மனுஷி! அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் படுக்கை எண் எழுதியிருக்கும். கழுவ வருகிற தட்டைப் பார்த்தே யார் தேறுகிறார், யார் தேறவில்லை என்று சொல்லிவிடுவார் தொட்டியம்மா. பதினாலாம் படுக்கைக்காரர் பக்கவாதத்தில் பேச்சிழந்தவர். மூன்று நாளாக அவர் தட்டில் தண்ணீராகக் கொடுத்தது காலியாகியும், கெட்டியாகக் கொடுத்தது அப்படியேயும் திரும்பி வந்தது. மற்றவர்கள் வயசாளிக்குப் பசியில்லை என்று விட்டுவிட்டார்கள். தொட்டியம்மா ஈரக்கையோடு வார்டுக்கே போய், இவருக்குப் பசி இல்லாமல் இல்லை, தொண்டையில் என்னமோ இருக்கிறது என்று நர்ஸிடம் சண்டை போடாத குறையாகச் சொன்னார். நர்ஸ் டாக்டரிடம் சொல்ல, டாக்டர் எக்ஸ்ரேவுக்கு அனுப்ப, உடைந்த பல்செட்டின் கம்பி உணவுக்குழாயில் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அந்தப் படத்தை எடுத்தவள் நம் எக்ஸ்ரேக்காரிதான். மெஷினுக்கு முன்பே எச்சில் தட்டு சொல்லிவிட்டதே என்று அன்றைக்கு அவள் அசந்துபோனாள். அதற்கப்புறம் தொட்டியம்மாவைப் பார்த்தால் தானாக எழுந்து நிற்பாள்.

அந்தத் தொட்டியம்மா இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். இந்த வருஷ மலரில் முகம் வராவிட்டால் பிறகு எப்போதும் வராது.

கண் டாக்டரிடம் ஒரு லென்ஸ் இருந்தது. அகலமாகப் பிடிக்கிற ஜூம் லென்ஸ், பதினாறிலிருந்து முப்பத்தைந்து வரை. எண் குறையக் குறைய அகலம் கூடும் என்பது எக்ஸ்ரேக்காரிக்கும் தெரியும். அவளுடைய சொந்த லென்ஸ் பதினெட்டில் நின்றுவிடும். இந்தப் பதினாறை வைத்துத் தன் பெரிய சென்சார் கேமராவில் ஒரு கல்யாண மண்டபத்தையே அள்ளியிருந்தார் டாக்டர். கேட்டதும் கொடுத்துவிட்டார். அவள் ஓடிப்போய்ச் சமையலறை வாசலில் நின்று, தன் கேமராவில் மாட்டிப் பார்த்தாள். போன வருஷம் கை தெரிந்த இடத்தில் இப்போது தோள் தெரிந்தது. முகம் தெரியவில்லை. பின்னால் நடைக்கு நகரலாம் என்றால் வாசல் நிலையே இரண்டு பக்கமும் மறைத்தது. குண்டுச் சட்டிக்குள் எவ்வளவுதான் குதிரை ஓட்டுவது?

போக்கிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அவளுடைய நாத்தனார், கேமரா லென்ஸ் வாடகைக்கு விடும் கடையில் கவுண்டரில் இருக்கிறாள். கேமரா வாங்கும்போது, என்னை ஒரு வார்த்தை கேளுங்கள் அண்ணி என்று படித்துப் படித்துச் சொன்னவள். இவள்தான் கேட்கவில்லை. இப்போது அவள் முன்னால் போய் நிற்பதா என்று இரண்டு நாள் வீம்பு. மூன்றாம் நாள் தொட்டியம்மாவின் கை கண்ணுக்குள் வந்து நிற்க, வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

நாத்தனார் கதையை முழுக்கக் கேட்டாள். சிரிக்கவில்லை, சும்மாவும் விடவில்லை. டாக்டரிடம் கண்ணை மட்டும் கடன் வாங்கி வந்தீர்களே, அதற்கு ஏற்ற உடம்பை, அவர் கேமராவை, யார் வாங்குவது என்று ஒரு குத்து குத்திவிட்டு, டாக்டரின் லென்ஸை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டி, பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தாள். காகிதத்தில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. அதற்குள் தெரு, பஸ், எதிர்க்கடைப் பலகை எல்லாம் தலைகீழாகத் தெரிந்தன. அந்த வட்டத்துக்குள் பென்சிலால் பெரிதாக ஒரு கட்டம் போட்டாள். அதற்குள்ளேயே சின்னதாக இன்னொரு கட்டம்.

"வட்டம் ஒண்ணுதான் அண்ணி. டாக்டர் கேமரா இந்தப் பெரிய கட்டத்தை எடுத்துக்கும். உங்களது நடுவுல இருக்கற இதை மட்டும் கிள்ளிக்கும். ஓரமெல்லாம் வீண்."

எக்ஸ்ரேக்காரிக்குப் பொட்டில் அடித்தாற்போல் புரிந்தது. "சின்ன பிளேட்டை வச்சு நெஞ்சை எடுத்த மாதிரி. தோள் ரெண்டும் போயிடும்."

பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கே இதை விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆகும் என்று நாத்தனார் மெச்சிக்கொண்டாள். பிறகு அலமாரியைத் திறந்து, பத்திலிருந்து இருபது வரை போகிற ஒரு லென்ஸை எடுத்தாள். சின்ன சென்சாருக்கென்றே செய்தது. இதை டாக்டர் கேமராவில் மாட்டினால் நாலு மூலையும் குழாய்க்குள் பார்த்த மாதிரி கருத்துப்போகும், அவரவர் உடம்புக்குத் தைத்த சட்டைதான் அவரவருக்கு என்றாள். எக்ஸ்ரேக்காரி கையை நீட்டினாள். நாத்தனார் கொடுக்கவில்லை.

"ஓரத்துல நிக்கப் போறது யாரு?"

எத்தனை பேர் என்று கேட்கவில்லை, எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை, இதைக் கேட்டாள். இவ்வளவு அகலமாகப் பிடிக்கிற லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்கள் தலை பூசணிக்காயாக இழுத்துக்கொள்ளும் என்று எடுத்துச் சொன்னாள். எக்ஸ்ரேக்காரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். வாசலில் நின்று எடுத்தால், அகலம் கிடைத்தும் தொட்டியம்மா ஓரம்தான். பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் வருகிற ஒரே முகம் பூசணிக்காயாக வருவதா?

நாத்தனார் ரசீதின் முதுகில் சமையலறையை வரையச் சொன்னாள். இவள் வரைந்தாள். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். தொட்டிக்குக் குறுக்கே எதிரான மூலையில் நாத்தனார் ஒரு புள்ளி வைத்தாள். மூலையில் நின்றால் இரண்டு சுவரும் சேர்ந்து தொண்ணூறு டிகிரி, இந்த லென்ஸ் அதற்குக் கொஞ்சம் மேலேயே பார்க்கும், ஆகவே அறை முழுக்க உள்ளே. அந்த மூலையிலிருந்து பார்த்தால் படத்தின் நடுவில் வருவது தொட்டி. எல்லோரையும் தொட்டிப் பக்கம் வரச் சொல்லுங்கள், தூரத்தில் நின்றால் கடுகாகிவிடுவார்கள், அதனால் எல்லோரும் நாலடி முன்னால் வந்து நிற்கட்டும் என்றாள். இத்தனை வருஷம் இவளை வாயாடி என்று நினைத்தோமே, இவளுக்கு இருப்பது கண்ணா, லென்ஸா என்று எக்ஸ்ரேக்காரி மனசுக்குள் கும்பிட்டாள். வெளியே சொன்னால் தலையில் ஏறி உட்காருவாள் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை, காய்கறிக் கூடைகளை நகர்த்திவிட்டு, சுவரோடு சுவராக அந்த மூலையில் ஒட்டிக்கொண்டாள் எக்ஸ்ரேக்காரி. எல்லோரும் தொட்டிப் பக்கம் போனார்கள், மாஸ்டரைத் தவிர. சமையலறைப் படம் என்றால் அடுப்புதான், நான் என் அடுப்பை விட்டு வரமாட்டேன் என்று அவர் முதல் அடுப்பின் முன்னால் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்றார்.  எக்ஸ்ரேக்காரி ஒரு படம் எடுத்து, அவரிடமே திரையைக் காட்டினாள். இடது ஓரத்தில், மாஸ்டரின் தொப்பை அடுப்பையும் தாண்டி ஜன்னல் வரைக்கும் நீண்டிருந்தது. ஏற்கெனவே தாராளமான உடம்பு அது. மாஸ்டர் திரையைப் பார்த்தார், தொப்பையைப் பார்த்தார், நேராக நடந்துபோய்த் தொட்டியம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நின்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், இந்தம்மா கழுவி வைத்த அண்டாவில்தான் பத்து வருஷமாக முகம் பார்த்துத் தலை வாருகிறேன், வீட்டுக் கண்ணாடிகூட இத்தனை தெளிவில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தொட்டியம்மாவும் தலையை நிமிர்த்திச் சிரித்தார். எக்ஸ்ரேக்காரி அந்த நொடியை எடுத்துவிட்டாள். திரையில் நாலு ஓரத்தையும் நாலு தடவை சரிபார்த்தாள். யாரும் வெட்டுப்படவில்லை, யாரும் இழுபடவில்லை.

தொட்டியம்மாவின் கடைசி வேலைநாளன்று மலர் வந்தது. எக்ஸ்ரேக்காரி முதல் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். தொட்டியம்மா கையை மூன்று தடவை துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். நடுவில், எல்லோர் முகமும் தன் பக்கம் சாய்ந்திருக்க, சிரித்துக்கொண்டு நிற்கிற தன்னையே வெகுநேரம் பார்த்தார். பத்து நாளாக மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எக்ஸ்ரேக்காரி அப்போது சொன்னாள். போன வருஷம் உங்களை வெட்டிட்டேம்மா, என்னை மன்னிச்சிடுங்க என்றாள். 

தொட்டியம்மா தன் பையைத் துழாவி, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். போன வருஷ மலரின் பக்கம் அது. அதைப் பிரித்து, புதுப் படத்துக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார்.

"போன வருஷம் கை வந்துச்சு பாப்பா. இந்த வருஷம் மீதி ஆள் வந்துட்டேன். ரெண்டையும் சேத்துப் பாரு, கணக்குச் சரியாப் போச்சு."

எக்ஸ்ரேக்காரி குனிந்து புதுப் படத்தைப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது. ஈரக்கை படத்தில் விழக்கூடாது என்று தொட்டியம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். நாலு ஓரத்தையும் நாலு தடவை பார்த்தவள் நடுவைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தக் கைகளை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்த அந்தக் கைகளில் இன்னும் சோப்பு வாசனை அடித்தது.