கோட்டில் விழுந்த ஷட்டில்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பில் எதற்குச் சண்டை வந்தாலும் என் கணவர் சிவபாலனைத்தான் கூப்பிடுவார்கள். கார் நிறுத்துவதோ, தண்ணீர்த் தொட்டியோ, அவர் சொன்னால் சரி. சொந்தக்காரர் என்றுகூடப் பார்க்காத மனிதர் என்று பெயர். அந்தப் பெயரோடு குடும்பம் நடத்துகிறவள் நான் என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை.

புதுவருஷத்துப் பட்மிண்டன் இறுதியாட்டத்துக்கும் அவர்தான் நடுவர். கார் நிறுத்துமிடத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் கோடு போட்டிருந்தோம். ஒரு பக்கம் நானும் மேல்வீட்டு ரூபிகாவும். மற்றப் பக்கம் கீழ்மாடியில் இருக்கும் இவருடைய அக்கா, என் மச்சாள் கனகேஸ்வரியும் அவருடைய சிநேகிதியும். மச்சாளுக்கும் எனக்கும் எப்போதும் ஏதாவது மனத்தாங்கல். யார் பக்கம் பிழை என்றாலும் இவர் என்னைத்தான் விட்டுக்கொடுக்கச் சொல்வார். விளையாட்டிலாவது நியாயம் கிடைக்கும் என்று நம்பினேன்.

கடைசிப் புள்ளியை எடுப்பவர்களுக்கே வெற்றிக் கிண்ணம் என்ற நிலை. நான் அடித்த ஷட்டில் மச்சாளின் தலைக்கு மேலால் போய்ப் பின்கோட்டின் மேலேயே விழுந்தது. கோட்டில் பட்டால் புள்ளி எங்களுக்கு. இவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அவுட் என்று கையை விரித்தார். பெண்சாதி என்றும் பார்க்கவில்லையே என்று சனம் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் ஏன் அவுட் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கோட்டில பட்டதைக் கண்டனான். உமக்குச் சார்பாச் சொல்லிப்போட்டன் எண்டு கதைப்பினம். அதுதான்."

"அப்ப உங்களைக் கட்டினதுதான் நான் செய்த பிழையோ?"

கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இதே தீர்ப்பைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

பின்னேரம் மச்சாள் கிண்ணத்தையும் கேசரியையும் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். தோற்றவளுக்கு முதல் துண்டு என்று சிரித்தபடி தட்டை என்னிடம் நீட்டினார். இவர் கதிரையை விட்டு எழும்பினார்.

"அக்கா, அது கோட்டில பட்டது. நான்தான் தெரிஞ்சுகொண்டு பிழையாச் சொன்னனான். வெண்டது நிருஷா."

மச்சாளின் முகம் கறுத்துப்போயிற்று. இனி உன்னை ஒருத்தரும் நடுவராகக் கூப்பிடமாட்டார்கள் என்றார். கூப்பிட வேண்டாம் என்றார் இவர்.

கிண்ணத்தை எனக்கென்று மேசையில் வைக்கப் போன மச்சாளைத் தடுத்து, நீங்களே வைத்திருங்கள் என்றேன். அதற்குமேல் அங்கே நின்றால் அழுதுவிடுவேன் போலிருந்தது. எல்லாருக்கும் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டேன்.