கிட்ட எடுக்கணும்

அலமாரியின் கடைசி இழுப்பறையையும் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மகள் நிமிர்ந்தாள்.

"எல்லாப் படத்துலயும் நாமதாம்மா இருக்கோம். அப்பா ஒண்ணுலகூட இல்ல."

எப்படி இருப்பார்? யார் வீட்டு விசேஷமானாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனிதர், படத்துக்குள் எங்கிருந்து வருவார்? அகப்பட்டது அவருடைய வேலை அடையாள அட்டை ஒன்றுதான். அதில் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர் மாதிரி இல்லை. மீட்டரைக் கழற்றிக்கொண்டு ஓடி மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தார்.

"இதையா சட்டம் போட்டு வைக்கிறது? ஸ்டுடியோ ஆன்ட்டிக்கு போன் பண்ணிட்டேன். அவங்ககிட்ட அப்பா படம் ஒண்ணு இருக்காம். எடுத்துட்டு வராங்க."

தாயின் கையிலிருந்த ஊசி நின்றது. ஊர் அவளைத் தையல்காரி என்றும் அவரை மீட்டர்காரர் என்றும்தான் கூப்பிடும். விடியும்போது ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது. வண்டி உடலைக் கொண்டுவருவதற்குள், அவருக்குப் போடவேண்டிய வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அழுகை தொண்டை வரைக்கும் வந்திருந்தது. ஸ்டுடியோ என்ற சொல்லைக் கேட்டதும் அது வயிற்றெரிச்சலாகிக் கீழே இறங்கிவிட்டது.

"நம்ம வீட்டுல இல்லாத படம் அவகிட்ட எப்படிடி வந்துச்சு?"

"அம்மா, இன்னிக்குமா?"

இன்றைக்கும்தான். செத்த வீட்டில் பொறாமை ஆகாது என்று யாராவது சொன்னால் அவள் கேட்கத் தயார், வயிறு கேட்கவேண்டுமே.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் மீட்டர்காரரின் பழைய கேமரா மூச்சை விட்டது. "வெளியிலயும் எடுக்கணும், கிட்டயும் எடுக்கணும், விலையும் கட்டுப்படியாகணும்," என்று சொல்லிக்கொண்டு கடைத்தெரு ஸ்டுடியோவுக்குப் போகத் தொடங்கினார். சனிக்கிழமைதோறும், முகம் மழித்து, அவள் தைத்துக்கொடுத்த நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு. ஒரு கேமரா வெயிலில் நன்றாக எடுக்கிறதாம், கிட்டே போனால் மங்கிவிடுகிறதாம். இன்னொன்று கிட்டே எடுக்கிறதாம், ஆனால் மூக்கில் இடிக்கிற அளவுக்கு நெருங்கவேண்டுமாம். மூன்றாவதில் எல்லாம் இருக்கிறது, ஆனால் யானை விலை. ஸ்டுடியோக்காரி இப்படிச் சொன்னாள், ஸ்டுடியோக்காரி அப்படிச் சொன்னாள் என்று சோற்றுத் தட்டின் முன்னால் ஒரே பாராயணம். தையல்காரியைக் கட்டிக்கொள்ள அரை மணி நேரத்தில் தலையாட்டிய மனிதருக்கு ஒரு கேமராவுக்குத் தலையாட்ட மாதக்கணக்கில் ஆயிற்று.

ஒரு சனிக்கிழமை நூல்கண்டு வாங்குகிற சாக்கில் போய் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகளும் ஒரே கேமராவின் மேல் குனிந்திருந்தன. அவர் சிரித்தார். கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். அப்படி ஒரு பல் இருக்கிற விஷயமே இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து யாரோ ஒருத்தியின் சட்டைக் கையைத் தப்பாக வெட்டி வைத்தாள்.

அதையெல்லாம்கூட விழுங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகச் சொன்னதுதான் நெஞ்சில் நின்றது. மூச்சுக்காக மாட்டியிருந்த முகமூடிக்குள்ளிருந்து அவர் முனகினார்: "அவகிட்ட எடுக்கணும்." கடையில் எதை வாங்கினாலும் அவருக்கு அது 'எடுக்கிறது'தான், செருப்பு எடுத்தேன், பல்பு எடுத்தேன் என்பார். ஆக, கேமராவை அந்த ஸ்டுடியோக்காரியிடம் எடுக்கவேண்டுமாம். போகிற நேரத்திலும் பக்கத்தில் நின்றவளிடம் சொல்ல ஒரு சொல் இல்லை. மகள் ஓடிவந்து, "அப்பா என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டபோது, "தண்ணி கேட்டாரு," என்று சொல்லிவிட்டாள்.

ஸ்டுடியோக்காரி வந்துவிட்டாள். தையல்காரி அவளைப் பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஐம்பதைத் தாண்டிய பெண். கழுத்து வலிக்குப் பட்டை போட்டிருந்தாள், கண்ணாடி தடிமன், ஒரு செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அழகியாக இருந்திருந்தால் வயிறெரிய ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். இவளோடு மணிக்கணக்கில் என்ன பேசினார் என்று நினைக்க இன்னும் அதிகமாக எரிந்தது.

தையல்காரியின் இடது கை தானாக இடது கன்னத்துக்குப் போயிற்று. சின்ன வயதில் கொதித்த எண்ணெய் தெறித்துத் தோல் சுருங்கிய தழும்பு அங்கே இருக்கிறது. புது ஆள் யார் வந்தாலும் கை அங்கே போய்விடும். கேமரா நீண்டால் ஆளே போய்விடுவாள். வீட்டிலிருக்கிற படங்களில் எல்லாம் அவள் கடைசி வரிசையில், பாதி முகமாக இருக்கிறாள்.

ஸ்டுடியோக்காரி உறையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். நீலச் சட்டை. கிட்டத்தில் எடுத்த முகம். அதே கடைவாய்ப் பல். மகள் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, சட்டத்தில் போட உள்ளே போனாள்.

"எப்ப எடுத்தது?" என்று கேட்டாள் தையல்காரி.

"போன சனிக்கிழமைங்க. கேமரா எப்படி எடுக்குதுன்னு பாக்க நான்தான் எடுத்தேன்." ஸ்டுடியோக்காரி பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை வெளியே வைத்தாள். "அன்னிக்கு இதையே முடிவு பண்ணிட்டாரு. அவர் பொருள். கொண்டுவந்துட்டேன்."

"வீட்டுல ஒரு நாளும் இப்படிச் சிரிச்சதில்ல. அப்படி என்னதான் சொன்ன?"

கேட்டுவிட்டாள். கேட்டபிறகு வெட்கமாகத்தான் இருந்தது.

ஸ்டுடியோக்காரி கோபித்துக்கொள்ளவில்லை. "நான் என்னங்க சொன்னேன்? அவர்தான் சொன்னாரு. நீங்க துணி காயப்போடறப்போ இவர் கேமராவோட வர்றதப் பாத்துட்டு ஈரப் போர்வைக்குள்ள பூந்துட்டீங்களாம். கொடியே அறுந்துபோச்சாமே."

அறுந்ததும் உண்மை, போர்வையோடு சேற்றில் விழுந்ததும் உண்மை.

"தூரமா நின்னுக்கிட்டே முகத்தக் கிட்ட எடுக்கிற மாதிரி வேணும்னாரு. பூச்சி கீச்சி எடுக்கவான்னு கேட்டேன். 'பூச்சியாவது ரெண்டு நிமிஷம் உக்காரும்மா, எங்க வீட்டுல அதுக்கும் வழியில்ல'ன்னாரு. எந்தக் கேமராவக் காட்டினாலும் ஒரே பேச்சுதான். 'இதெல்லாம் சரி, அவளக் கிட்ட எடுக்கணும். அவளக் கிட்ட எடுக்கணும்'னு."

தையல்காரி ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள்.

மீட்டர்காரருக்கு நாய் என்றால் பயம். கேட்டுக்கு வெளியே நின்றே உள்சுவர் மீட்டரைப் படித்துப் பழகியவர். பெண்டாட்டியையும் அப்படியே படித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். முகமூடிக்குள் அவர் சொன்னதில் ஓர் எழுத்து விழுந்துபோயிருந்தது. ஒரே ஒரு 'ள'. அந்த ஓட்டையில் அவள் ஸ்டுடியோக்காரியைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள்.

எரிச்சல் அணைந்துவிட்டதா என்றால் இல்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

"இதெல்லாம் உன்கிட்டச் சொல்லத் தெரிஞ்சிருக்கு. என்கிட்டச் சொல்லல."

ஸ்டுடியோக்காரி பெட்டியைத் தையல் மெஷின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. மகள் ஓடினாள். "நான் கிளம்பறேங்க," என்றாள் ஸ்டுடியோக்காரி.

"இரு."

பொத்தான் தைத்து முடித்த வெள்ளைச் சட்டையைத் தையல்காரி மடித்து உள்ளே வைத்துவிட்டு, நீலச் சட்டையை எடுத்துவந்தாள்.

கூடத்தில் அவரைக் கிடத்தி, சட்டை போட்டாயிற்று. தலைமாட்டில் மேசைமேல் படத்துக்குள்ளிருந்து சிரித்தார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிகளுக்குப் போனார்கள். எந்தக் கூட்டத்திலும் தன் வலது பக்கம் பிறருக்குத் தெரிகிறபடி உட்காருகிறவள், இன்று எழுந்து சுற்றிவந்து அவருடைய மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கன்னம் கதவைப் பார்த்திருந்தது.

"அந்தக் கேமராவுல பேட்டரி இருக்கா?"

கதவருகே நின்றிருந்த ஸ்டுடியோக்காரி தலையாட்டினாள். "இருக்குங்க."

"எங்க ரெண்டு பேரையும் எடு."

ஸ்டுடியோக்காரி கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, கதவருகிலிருந்தே உயர்த்தினாள். "இங்கருந்தே நல்லா வரும்ங்க."

"வேணாம். கிட்ட வா."

கழுத்துப் பட்டையோடு அவள் மெல்ல நெருங்கிவந்து மண்டியிட்டாள். தையல்காரியின் இடது கை, அவருடைய சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு அங்கேயே இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.